மிளகு ஒதுங்கிய இடம்

தமிழ்நாட்டில் சளி பிடித்தவருக்குக் கொடுக்கப்படும் உணவு, நலமாக இருப்பவர் அன்றாடம் உண்ணும் உணவைவிட வயதில் மூத்தது. மிளகாய்த்தூள் போட்ட குழம்பும் தக்காளி கரைத்த ரசமும் நாள்தோறும் கொதிக்கும் அடுக்களையிலும், வீட்டில் ஒருவர் மூக்கடைத்துத் தொண்டை கட்டிப் படுத்துவிட்டால், மிளகையும் சீரகத்தையும் நுணுக்கி, பூண்டைத் தட்டிப் போட்டு, புளிக்கரைசலில் கூட்டி இறக்கும் மிளகு ரசமே அடுப்பேறுகிறது. அதற்கு முன்னும் பின்னும் சுக்கும் கொத்தமல்லி விதையும் கருப்பட்டியும் சேர்ந்த வெந்நீர் குடிக்கத் தரப்படுகிறது. தாளிப்பில் ஒரு வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போடுவோர் உண்டென்றாலும், இவ்வுணவின் காரம் மிளகின் காரம். இப்பானத்தின் இனிப்பு பனையின் இனிப்பு. கடந்த 500 ஆண்டுகளுக்குள் கடல்கடந்து வந்து தமிழ்ச் சமையலின் சுவையையே மாற்றிய மிளகாய்க்கும் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் இங்கே முதலிடம் இல்லை. ஓர் அடுக்களையின் பழமையை அறிய விரும்புவோர் விருந்துப் பந்தியைவிட நோயாளியின் தட்டைப் பார்ப்பது பயன்தரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நோய்க்கே பல பெயர்கள் வழங்குகின்றன. ‘சளி’ என்பது மூக்கிலும் நெஞ்சிலும் கட்டும் கோழைக்கும் அதனால் வரும் நோய்க்கும் பொதுப்பெயர். ‘நீர்க்கோவை’ என்பது தலையில் நீர் கோத்துக்கொள்கிறது என்னும் கருத்தில் பிறந்த சொல். வடமொழிவழி வந்த ‘ஜலதோஷம்’ நீரால் உண்டான குற்றம் என்று ஏறத்தாழ அதையே சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் இதே நோய் ‘தடிமன்’ எனப்படும். நீர், குளிர், கனம் ஆகிய மூன்றும் இப்பெயர்களுக்குள் மாறிமாறி வருவது தற்செயல் அன்று. உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) என மூன்றாகப் பகுக்கும் சித்த மருத்துவம், குளிர்ச்சியும் ஈரமும் கனமும் ஐயத்தின் இயல்புகள் என்றும், ஐயம் மிகும்போது சளியும் இருமலும் தோன்றும் என்றும் கொள்கிறது. ஆகவே அதற்கு மாற்று, சூடும் வறட்சியும் உறைப்பும் ஒருங்கே உடைய பொருளாகத்தான் இருக்கமுடியும். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்று. சுக்கு என்பது காய்ந்த இஞ்சி. திப்பிலி என்பது மிளகுக் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு கொடியின் நீண்ட காய்க்கதிர். இம்மூன்றின் சேர்க்கைக்குத் ‘திரிகடுகம்’ என்று பெயர்.

இச்சேர்க்கை எவ்வளவு பரவலாக அறியப்பட்டிருந்தது என்பதற்குச் சான்று மருத்துவ நூலில் இல்லை, அறநூலில் இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ‘திரிகடுகம்’ நல்லாதனார் இயற்றியது. ஒவ்வொரு பாடலிலும் மூன்று கருத்துகளைச் சொல்லி, மூன்று மருந்துகள் உடல்நோயைத் தீர்ப்பதுபோல் இவை மனநோயைத் தீர்க்கும் என்னும் பொருளில் இப்பெயரைத் தாங்கியது. அதே தொகுதியிலுள்ள ‘சிறுபஞ்சமூலம்’, ‘ஏலாதி’ ஆகியவையும் மருந்துகளின் பெயர் பெற்ற நூல்களே. படிப்போர் வீட்டில் இம்மருந்துகள் புழங்காமல் இருந்திருந்தால் ஒரு புலவர் தம் நூலுக்கு இத்தகைய பெயரைச் சூட்டியிருக்கமாட்டார் என்று கருதுவது நியாயமே.

மிளகைப் பற்றிய சான்றுகள் இன்னும் பழமையானவை. சங்கப் பாடல்களில் மிளகுக்குக் ‘கறி’ என்றும் ‘மிரியல்’ என்றும் பெயர்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் மரங்களைப் பற்றி ஏறும் இக்கொடியின் காய்கள், சேரர் துறைமுகமாகிய முசிறியில் யவனர் மரக்கலங்களில் பொன்னுக்கு மாற்றாக ஏற்றப்பட்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் குறிக்கிறது. பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்து வழிச்செல்லும் கழுதைகளைக் காட்டுகிறது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பண்டங்களுள் மிளகு மூட்டைகளையும் சேர்த்துச் சொல்கிறது. இவையெல்லாம் வாணிகச் செய்திகள். சமையலுக்கு நேரான சான்று பெரும்பாணாற்றுப்படையின் மற்றோர் இடத்தில் கிடைக்கிறது: அந்தணர் இல்லம் ஒன்றில், இளங்காயாகப் பறித்த மாதுளையை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடி தூவி, கறிவேப்பிலை கலந்து படைப்பதை அந்நூல் விவரிக்கிறது. மிளகும் கறிவேப்பிலையும் நெய்ப்பசையோடு கூடும் இந்தக் கூட்டு, இன்றைய மிளகு ரசத்தின் தாளிப்பிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ரசத்துக்கு அரண்மனைப் பிறப்பிடம் தேடும் கதைகளைக் காட்டிலும் இத்தகைய சிறு குறிப்புகளே வரலாற்றுக்கு உதவுகின்றன.

மூன்று கடுகங்களுள் அக்காலத்தில் விலை மிகுந்தது மிளகு அன்று, திப்பிலி. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமப் பேரறிஞர் பிளினி, ஓர் இராத்தல் திப்பிலி 15 தெனாரிக்கும், வெண்மிளகு 7 தெனாரிக்கும், கருமிளகு 4 தெனாரிக்கும் விற்றதாக எழுதிவைத்தார். தெனாரி என்பது உரோமரின் வெள்ளிக்காசு. உறைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத இப்பொருளை மக்கள் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்று அவர் வியப்பும் கொண்டார். கிரேக்க, இலத்தீன் மொழிகளில் மிளகைக் குறிக்கும் சொல்லே திப்பிலியின் வடமொழிப் பெயராகிய ‘பிப்பலி’யிலிருந்து பிறந்தது. அத்தகைய திப்பிலி இன்று தமிழரின் அஞ்சறைப்பெட்டியில் இல்லை; நாட்டு மருந்துக் கடையில் ‘அரிசித் திப்பிலி’ என்றும், அதன் தண்டும் வேரும் ‘கண்டந்திப்பிலி’ என்றும் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. உடம்பு வலியோடு சளி வரும்போது சில வீடுகளில் வைக்கும் கண்டந்திப்பிலி ரசம்தான் சமையலோடு அதற்கு எஞ்சியிருக்கும் ஒரே உறவு. மிளகுக்குப் பின்னாளில் நேர்ந்தது திப்பிலிக்கு முன்பே நேர்ந்துவிட்டது எனலாம்.

இடைக்காலக் கல்வெட்டுகள் அடுக்களையைக் கணக்குப்பிள்ளையின் கண்ணால் காட்டுகின்றன. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் கல்வெட்டு, கோயிலில் இறைவனுக்குப் படைக்கவேண்டிய அமுதுக்கான பொருள்களை அளவோடு வகுக்கும்போது, ‘காயம்’ என்னும் தலைப்பின்கீழ் மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகிய ஐந்தையும் சேர்க்கிறது. புளியிட்டுச் சமைக்கும் ‘புளிங்கறி’யும் அதில் இடம்பெறுகிறது. புளியையும் உப்பையும் பூண்டையும் சேர்த்துக்கொண்டால், சளிக்கு வைக்கும் இன்றைய மிளகு ரசத்தின் சாமான்பட்டியல் ஏறத்தாழ முழுமையாகிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலும் மிளகும் கடுகும் சீரகமும் நெய்யோடும் தயிரோடும் நிவந்தப் பொருள்களாக எண்ணப்பட்டுள்ளன.

இதே காலத்தில் நோயாளிக்கென்று தனியாக எழுந்த இடம் ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்தில் 1068ஆம் ஆண்டையொட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும், அதன் வைத்தியரையும், சத்திர மருத்துவரையும், மூலிகை கொண்டுவருவோரையும், நோயாளிகளைப் பேணும் பெண்களையும், அங்கே ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய சுமார் 20 மருந்துகளையும் குறிப்பிடுகிறது. அம்மருந்துகளுள் ஒன்று ‘வாசாஹரீதகி’. ‘வாசா’ என்பது ஆடாதோடை, ‘ஹரீதகி’ என்பது கடுக்காய். இருமலுக்கும் இரைப்புக்கும் ஆடாதோடை இலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் கிராமங்களில் இன்றும் உள்ளதால், இக்கல்வெட்டின் ஒரு சொல்லாவது 950 ஆண்டுகளாகக் காலாவதி ஆகவில்லை என்று கூறலாம். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் தன்வந்திரி மகாலில் மருந்துகளைச் சோதித்துப் பதிவுசெய்ய வைத்த முறைகள் பின்னர் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்னும் வரிசையாகச் சரசுவதி மகால் நூலகத்தால் அச்சிடப்பட்டன. மருத்துவமனை மரபு அத்துடன் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது.

வீட்டு மரபு வேறு பாதையில் சென்றது. போர்த்துக்கேயர் 1498இல் கோழிக்கோட்டுக் கடற்கரையை அடைந்ததையும், 1510இல் கோவாவைக் கைப்பற்றியதையும் தொடர்ந்து, அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய மிளகாய் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்குத் தமிழர் புதுப்பெயர் வைக்கவில்லை. மிளகுபோல் உறைக்கும் காய் என்று ‘மிளகாய்’ என்றனர். கன்னடமும் தெலுங்கும் இவ்வாறே தம் மிளகுச் சொல்லோடு காயைச் சேர்த்துக்கொண்டன. மலையாளத்தில் நடந்தது இதனினும் கடுமையானது: அங்கே ‘முளகு’ என்னும் சொல்லையே மிளகாய் எடுத்துக்கொண்டுவிட, மிளகு ‘குருமுளகு’ என்று அடைமொழியோடு வாழவேண்டியதாயிற்று. சிங்களத்தில் ‘மிரிஸ்’ மிளகாயையும் ‘கம்மிரிஸ்’ மிளகையும் குறிப்பதும் இத்தகையதே. தன் பிறந்தநாட்டிலேயே ஒரு பொருள் தன் பெயரை வந்தேறிக்குக் கொடுத்துவிட்டு நின்றதற்கு வேறு எடுத்துக்காட்டு எளிதில் அகப்படாது. காரணம் சுவையைவிடப் பொருளாதாரத்தில் இருந்தது. மிளகு மலையில் விளைவது, கொடி காய்க்கச் சில ஆண்டுகள் பிடிக்கும், அதன்மேல் அரசர்களும் கம்பெனிகளும் கண்வைத்திருந்தன. மிளகாயோ சமவெளியில் கொல்லைப்புறத்திலும் முளைத்துச் சில மாதங்களில் காய்த்தது. ஏழைக்கும் எட்டிய காரம் அது.

இடம்பெயர்ந்த மிளகு முற்றிலும் மறைந்துவிடவில்லை. பழமையை விடாப்பிடியாகக் காக்கும் மூன்று இடங்களில் ஒதுங்கியது. முதலாவது, முன்னோருக்குச் செய்யும் திவசச் சமையல். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அச்சமையலில் விலக்கு. காரம் வேண்டிய இடத்தில் மிளகே சேர்கிறது. முன்னோர் அறியாத காயை முன்னோருக்குப் படைப்பதில்லை என்னும் தர்க்கம் அதில் தெரிகிறது. இரண்டாவது, கோயில் மடைப்பள்ளி. ஆஞ்சநேயருக்குச் சார்த்தும் வடைமாலையும், மார்கழிப் பொங்கலும் மிளகின் உணவுகளாகவே நீடிக்கின்றன. மூன்றாவது, நோயாளியின் தட்டு.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுசேரும் இடமும் உண்டு. குற்றாலத்தில் ஓயாது விழும் அருவியின் குளிர்ச்சியால் இறைவனுக்குத் தலைநோவு வந்துவிடக்கூடாது என்று, குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சார்த்தி, இரவுப் பூசையில் கஷாயம் படைக்கிறார்கள். கர்நாடகத்தின் கொல்லூர் மூகாம்பிகை கோயிலிலும் இரவுப் பூசைக்குப்பின் அடியார்களுக்குக் கஷாயமே தீர்த்தமாக வழங்கப்படுகிறது; நோயுற்ற ஆதிசங்கரருக்கு அம்மன் காய்ச்சிக் கொடுத்தது அது என்பது தலவரலாறு. கடவுளுக்கும் ஜலதோஷம் வரும் என்று கருதிய சமூகம், அதற்கான மருந்தையும் அடுக்களையிலேயே தேடியது.

கஷாயத்துக்கும் ரசத்துக்கும் சேரும் சரக்குகள் பலவும் ஒன்றே. வேறுபாடு நெருப்பில் இருக்கிறது. கஷாயத்தைச் சித்த மருத்துவர் ‘குடிநீர்’ என்பர் (குழாயில் வரும் தண்ணீருக்கு அச்சொல் வழங்குவது பிற்காலத்து வழக்கு). சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, நீர் ஊற்றி, எட்டில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ சுண்டும்வரை காய்ச்சுவது குடிநீர். ரசம் அதற்கு நேர்மாறு: புளிக்கரைசல் பச்சைவாடை போகக் கொதித்தபின், நுணுக்கிய மிளகும் சீரகமும் சேர்ந்ததும், மேலே நுரைகூடி விளிம்பில் பொங்கிவரும் கணத்திலேயே இறக்கிவிடவேண்டும், கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும் என்பது சமையலறிந்தோர் விதி. சளி பிடித்தவருக்கு அந்த ஆவியும் மருந்தின் பகுதி. நொச்சியிலையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் வேது பிடிப்பதன் சிறு வடிவமாக, கிண்ணத்திலிருந்து எழும் மிளகாவி மூக்கைத் திறக்கிறது. இதற்கு ஏற்ற பாத்திரமாக ஈயச்சொம்பைக் கொண்டது தஞ்சை, திருச்சிப் பக்கத்து வழக்கம். ஈயம் என்று சொல்லப்பட்டாலும் அது வெள்ளீயம். நஞ்சாகிய காரீயம் அன்று. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், நீரை ஊற்றாமல் அச்சொம்பை அடுப்பில் வைத்தவர்கள் சொம்பை இழந்தார்கள். நுரைகூடும்போது இறக்கு என்னும் விதியைப் பாத்திரமும் கூடவே கற்பித்தது.

‘ரசம்’ என்பது இவ்வுணவின் மூத்த பெயர் அன்று. சாறு என்னும் பொருள்படும் அவ்வடசொல் வேரூன்றுவதற்கு முன்பே இது ‘சாறு’ என வழங்கியது. தெலுங்கில் ‘சாரு’, கன்னடத்தில் ‘சாரு’ என்று இன்றும் அப்பெயர் உயிரோடிருக்கிறது. தமிழ் வைணவர் இல்லங்களில் அது ‘சாற்றமுது’, பேச்சில் ‘சாத்தமுது’. இன்னொரு பெயர் ‘மிளகுதண்ணி’. இந்த நான்காவது பெயர்தான் கடல் கடந்தது.

ஆங்கிலேயர் நாவில் ‘மல்லிகட்டானி’ ஆகிவிட்ட மிளகுதண்ணியின் வரலாறு, சிறைச்சாலையில் தொடங்குவது வேடிக்கை. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, இச்சொல்லுக்குக் காட்டும் பழைய ஆட்சி 1784ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பாட்டு. ஹைதர் அலியின் கைதியாகிய ஆங்கிலக் கடற்படையினர் ஒருவர், பெங்களூர்ச் சிறையில் தமக்கு மிளகுதண்ணியும் கஞ்சியுமே உணவு என்று அதில் நொந்துகொள்கிறார். தமிழ் வீட்டில் சளிக்காய்ச்சல் கண்டவருக்குப் பரிவோடு கொடுக்கப்படும் அதே இரண்டு உணவுகள், ஆங்கிலக் கைதிக்குத் தண்டனையாகத் தோன்றின. அவருடைய இனத்தார் பின்னாளில் படைவீரரை அடைக்கும் கொட்டடிக்கே ‘கஞ்சி வீடு’ என்று பெயரிட்டனர் என்பதையும் அதே அகராதி பதிந்துள்ளது. சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளை மற்ற மாகாணத்தார் ‘மல்’ என்று கேலிப்பெயரால் அழைத்தனர். அதுவும் மல்லிகட்டானியின் தலைப்பகுதியே.

கேலிக்குரிய பொருள் சில பத்தாண்டுகளில் விருந்துக்குரிய பொருளாயிற்று. தமிழர் ரசத்தைச் சோற்றோடு பிசைந்து உண்பர். ஆங்கிலேயரோ விருந்தின் தொடக்கத்தில் தட்டில் சூப்பு வேண்டுவர். தமிழ்ச் சாப்பாட்டில் அந்த இடத்துக்கு நேரான பண்டம் இல்லாததால், மிளகுதண்ணி அங்கே ஏற்றப்பட்டது. ஏறியதும் கோழியும் ஆட்டிறைச்சியும் வெங்காயமும் மாவும் சேர்ந்து கெட்டியாயிற்று. வில்லியம் கிச்சினர் எழுதி 1817இல் முதன்முதல் வெளியான சமையல் நூலின் பதிப்புகளிலும், எலைசா ஆக்டனின் 1845ஆம் ஆண்டு நூலிலும் அதற்குச் செய்முறை உண்டு. கர்னல் கென்னி-ஹெர்பர்ட், ‘வைவர்ன்’ என்னும் புனைபெயரில் 1878இல் சென்னையில் வெளியிட்ட சமையல் நூல், அதன் பெயர் மிளகு, தண்ணீர் என்னும் இரு தமிழ்ச் சொற்களால் ஆனது என்பதை எடுத்துச்சொல்லி, சென்னை மக்கள் வைக்கும் எளிய செய்முறையையும் தனியே தருகிறது. அந்தச் செய்முறையிலேயே மிளகோடு மிளகாயும் இருக்கிறது. பெயர் மிளகுதண்ணியாக நின்றாலும் காரம் அதற்குள் பங்குபோடப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் தகரக்குவளையில் அடைத்து விற்கப்படும் சூப்பு, மூதாதையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட தூரத்துப் பேரன். சென்னையின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நேர்மையாக ‘பெப்பர் வாட்டர்’ என்று மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, நீர்த்த மிளகுதண்ணியையே சோற்றோடு உண்டு வந்தன.

கஞ்சிக்கும் நீண்ட பதிவு உண்டு. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட உரையாடல் நூலில், உள்ளூரார் நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசிக் கஞ்சிநீரைக் கொடுப்பதைப் பெயர் சுட்டிக் குறித்தார். மிளகாய் அப்போது இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டது. எனினும் நோயாளியின் கஞ்சியில் மிளகே இருந்தது.

பானங்களுக்கு வந்தால், சுக்கு நீரின் வரலாறு பெயர்மாற்றத்தின் வரலாறாக இருக்கிறது. சுக்கை இடித்து, கொத்தமல்லி விதையும் மிளகும் சேர்த்துக் கொதிக்கவைத்து, கருப்பட்டி கரைத்து வடிகட்டும் இப்பானத்துக்குச் ‘சுக்குவெந்நீர்’ என்பதே பொருத்தமான பெயர். இன்று அது ‘சுக்குக்காப்பி’, மலையாளத்திலும் அவ்வாறே. காப்பிப்பொடி சேர்ப்போர் உண்டு. ஆனால் சேர்க்காமலே காப்பி எனப்படுவதுதான் பெரும்பான்மை. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் காட்டியுள்ளபடி, காப்பி தமிழ் நடுத்தர வகுப்பின் பண்பாட்டு அடையாளமாக எழுந்தது அண்மைக் காலத்தில்தான். அந்த எழுச்சியின் வேகத்தில், சூடாகவும் கருப்பாகவும் தம்ளரில் வரும் எதற்கும் காப்பி என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. மிளகாய் மிளகின் பெயரை எடுத்துக்கொண்டது போலன்றி, இங்கே பழையது புதியதன் பெயரைத் தானே விரும்பி உடுத்திக்கொண்டது.

இனிப்பின் கதையும் காரத்தின் கதையை ஒத்தது. கஞ்சம் மாவட்டத்து ஊரும் சர்க்கரை ஆலையும் தந்த பெயரால் ‘அஸ்கா’ என்று தமிழர் அழைத்த வெள்ளைச் சர்க்கரை அன்றாடக் காப்பியைப் பிடித்துக்கொண்டபின், தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளில் பதநீரைக் காய்ச்சி வார்க்கும் கருப்பட்டி நோயாளியின் தம்ளருக்குள் ஒதுங்கியது. உடன்குடிக் கருப்பட்டியை மற்ற நாளில் நினைக்காதவரும் சளி பிடித்த நாளில் தேடுகின்றனர். தொண்டை கட்டினால் பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுப் பனங்கற்கண்டு சேர்ப்பதும் இவ்வகையே.

இலங்கையில் இதே பானம் மல்லியின் பக்கம் சாய்ந்தது. அங்கே சுக்குக்கு ‘வேர்க்கொம்பு’ என்று பெயர். வறுத்த மல்லியையும் வேர்க்கொம்பையும் அவித்து வடிக்கும் மல்லித்தண்ணி, தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவர்க்கும் பொதுவான முதல் மருந்து. சிங்களவரும் அதைக் ‘கொத்தமல்லி’ என்றே சொல்கின்றனர். ஐந்து சரக்குகளின் கூட்டு என்று பொருள்படும் அவர்களுடைய ‘பஸ்பங்குவ’விலும் மல்லிக்கும் இஞ்சிக்கும் இடமுண்டு. தீவின் அரசியல் பிரித்தவற்றை ஒரு கோப்பை சேர்த்தே வைத்திருக்கிறது.

ரசம் என்றாலே மரக்கறி உணவு என்னும் எண்ணம் உணவுவிடுதிகள் பரப்பியது. கடற்கரையூர்களில் சிறுநண்டைத் தட்டிப் போட்ட நண்டு ரசமும், உள்நாட்டில் நாட்டுக்கோழிச் சாறும் நெஞ்சுச்சளிக்கு உரியவை. கொங்குநாட்டில் கொள்ளு ரசம் அவ்விடத்தைப் பெறுகிறது. முள்நிறைந்த தூதுவளையின் இலையை வதக்கி அரைத்த ரசம் எங்கும் உண்டு. எதைச் சேர்த்தாலும் மிளகு மட்டும் மாறுவதில்லை.

இவ்வுணவுகள் நோயைத் தீர்க்கின்றனவா என்னும் கேள்விக்கு அளவான விடையே பொருந்தும். மிளகின் உறைப்புக்குக் காரணமான பைப்பரினை டென்மார்க் அறிஞர் ஓர்ஸ்டெட் 1819இல் பிரித்தெடுத்தார்; உறைப்பு மூக்கில் நீரைப் பெருக்கி அடைப்பை இளக்குவதை உண்பவர் எவரும் உணர்வர். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்தவர்களைக்கொண்டு நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், சூடான பழப்பானம் அருந்தியவர்கள் தும்மல், இருமல், தொண்டைவலி, குளிர் ஆகியவை தணிந்ததாக உணர்ந்தனர். ஆனால் மூக்கின் காற்றோட்டத்தை அளந்து பார்த்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆறுதல் உண்மையானது, அதைச் சிகிச்சை என்று பெயரிட்டழைப்பது மிகை. தமிழ்நாட்டில் 2020இல் கொரோனா பரவியபோது வீதிதோறும் வழங்கப்பட்ட கபசுரக் குடிநீர், 15 சரக்குகள் கொண்ட பழைய சித்த யோகம். சுக்கும் திப்பிலியும் ஆடாதோடையும் கற்பூரவல்லியும் அதில் அடக்கம். அந்த மாதங்களில் வீடுகளில் மிளகு ரசம் மீண்டும் அன்றாட உணவாயிற்று.

அவ்வாறு நுணுக்கப்பட்ட மிளகு எல்லாம் சேரநாட்டு மலையில் விளைந்தது என்று கொள்வதற்கில்லை. இன்று உலகில் மிகுதியாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். முசிறியிலிருந்து மிளகை ஏற்றியனுப்பிய கடற்கரைக்கு இப்போது வியட்நாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மிளகு கப்பலில் வந்து இறங்குகிறது.